உயிர், உறுதி, ஆகூழ்: விரைவுக்கு ஆங்கிலம் தேடிய பெயர்கள்

ஒரு மொழியின் அடிப்படைச் சொற்களில் சில, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பொருள் மாறாமல் இருந்துவிடுகின்றன. ஆங்கிலத்தின் 'லாங்' இன்றும் நீளத்தையே குறிக்கிறது. அதன் உறவுச் சொற்களான லத்தீன் 'லாங்குஸ்', சமஸ்கிருத 'தீர்க்க' ஆகியவையும் நீளத்தையே குறித்தன. 'ரெட்' சிவப்புதான், நாம் எடுத்தாளும் 'ருதிரம்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்தது. 'நியூ'வும் 'நவ'வும், 'யங்'கும் 'யுவ'னும் அப்படித்தான். நாடுகள் மாறின, சமயங்கள் மாறின, இலக்கணமே உருமாறிப்போனது. நீளமும் சிவப்பும் புதுமையும் இளமையும் பெயரை இழக்கவில்லை. விரைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிடம் இந்த நிலைத்தன்மை அறவே இல்லை. 'ஸ்பீட்' என்பது முதலில் செழிப்பையும் வெற்றியையும் குறித்தது. 'குவிக்' என்றால் உயிருள்ளது. 'ஃபாஸ்ட்' என்றால் அசையாமல் உறுதியாக நிற்பது. 'ஹேஸ்ட்' என்ற சொல்லின் வேரில் சண்டையும் வன்முறையும் கிடக்கின்றன. 'ராபிட்' பறித்துக்கொண்டு போவது, 'ஃப்ளீட்' மிதப்பது. விரைவுக்கென்றே பிறந்த சொல் ஒன்றை இந்த வரிசையில் தேடினால் கிடைப்பதில்லை. இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆங்கிலம் பேசியவர்கள் நெடுங்காலம் விரைவை ஒரு தனிப் பண்பாகப் பார்க்கவில்லை. விரைந்து செல்லும் உடலின் நிலையையும், அந்தச் செலவு தந்த பலனையுமே பார்த்தார்கள், அவற்றுக்கே பெயர் வைத்தார்கள். தூரத்தைக் காலத்தால் வகுக்கும் பழக்கம் பரவிய பிறகுதான் விரைவு தனக்கென ஒரு பெயரைப் பெற்றது என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு உடனே ஒரு தடை எழும். இந்தோ-ஐரோப்பிய மூதாதை மொழியில் விரைவுக்கென்று ஒரு சொல் இருந்தது. கிரேக்கத்தில் அது 'ஓக்குஸ்' ஆயிற்று. லத்தீனில் 'ஓக்கியோர்' என்ற ஒப்பீட்டு வடிவத்தில் மட்டும் எஞ்சியது. சமஸ்கிருதத்தில் 'ஆசு' ஆயிற்று. கேட்ட மாத்திரத்தில் பாடவல்லவரைத் தமிழில் ஆசுகவி என்கிறோமே, அந்த ஆசுவும் இதுதான். குதிரையைக் குறிக்கும் 'அஸ்வ' முதலிய சொற்களும் இந்த வேரோடு தொடர்புடையவை என்று பலர் கருதுகிறார்கள். எனவே மனிதர்களால் விரைவைத் தனியே பெயரிட முடியாது என்று யாராவது சொன்னால் அது தவறு. நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: நீளத்தையும் சிவப்பையும் கைவிடாத ஜெர்மானியக் கிளை, இந்த ஒரு சொல்லைக் கைவிட்டுவிட்டது. அதன் இடத்தில் மற்றொரு நிலையான சொல்லையும் அது நிறுவவில்லை. நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வேறு வேறு துறையிலிருந்து சொற்களை இழுத்து வந்து அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. அந்தச் சொற்கள் எந்தத் துறைகளிலிருந்து வந்தன என்பதில்தான் அந்த மக்கள் விரைவை எப்படிக் கண்டார்கள் என்பதற்கான சான்று இருக்கிறது.

'ஸ்பீட்' என்பதிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் இன்று எல்லாவற்றிலும் வறண்ட அளவைப் பெயராக இருப்பது அதுதான். பழைய ஆங்கிலத்தில், அதாவது சுமார் 1100க்கு முற்பட்ட மொழியில், 'ஸ்பேட்' என்றால் செல்வம், வளம், ஆகூழ், எடுத்த காரியம் கைகூடுதல். அதன் வினைவடிவம் செழித்தலையும் வெற்றி பெறுதலையும் குறித்தது. நம்பிக்கையைக் குறிக்கும் லத்தீன் 'ஸ்பேஸ்' அதன் உறவு. டச்சு மொழியில் இன்று 'ஸ்பூட்' என்றால் அவசரம். ஆனால் அதே சொல்லை உள்ளடக்கிய 'வோர்ஸ்பூட்' செழிப்பையும் 'தேகன்ஸ்பூட்' துன்பகாலத்தையும் குறிக்கின்றன. பழைய பொருள் கூட்டுச்சொற்களுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. பயணம் போகிறவரை 'காட்ஸ்பீட்' என்று வாழ்த்துவது, கடவுள் உனக்கு நலம் தரட்டும் என்பதற்காகவே. சீக்கிரம் போய்ச் சேர் என்பதற்காக அல்ல. 1620இல் மேஃப்ளவர் கப்பலோடு சேர்ந்து கிளம்பி, ஒழுகத் தொடங்கியதால் திரும்ப நேர்ந்த துணைக்கப்பலின் பெயர் 'ஸ்பீட்வெல்'. நல்லபடியாக வாய்க்கட்டும் என்ற வாழ்த்து அது. ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில், அவசரம் கூடக் கூட 'ஸ்பீட்' குறையும் என்ற கருத்துள்ள பழமொழி இடம்பெறுகிறது. இன்று அதைப் படிப்பவர்கள் அதில் ஒரு முரண்சுவையைக் காண்கிறார்கள். அன்று அதில் முரணே இல்லை; பதறினால் காரியம் கெடும் என்ற நேரடியான எச்சரிக்கை அது.

வெற்றியிலிருந்து விரைவுக்கு வழி எங்கே? குறித்த இடத்தைச் சேர்ந்துவிடுவது வெற்றி. தடையில்லாமல் செல்பவன் சேர்கிறான். தடையில்லாமல் செல்பவன் விரைந்தும் செல்கிறான். பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்திலேயே இந்த நகர்வு தலைகாட்டத் தொடங்கிவிட்டது. விரைவு அங்கே பலனின் நிழலாகத்தான் நுழைகிறது. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் அப்போது இல்லவே இல்லை. போன காரியம் முடிந்ததா என்ற கேள்வி மட்டும் இருந்தது.

'குவிக்' வேறொரு வாசல் வழியாக வருகிறது. அதன் பழைய பொருள் உயிருள்ள என்பது. லத்தீன் 'வீவுஸ்', கிரேக்க 'பியோஸ்', சமஸ்கிருத 'ஜீவ' எல்லாம் இதன் உடன்பிறப்புகள். ஆகவே நாம் ஜீவன் என்று சொல்லும்போது இதே வேரைத்தான் உச்சரிக்கிறோம். கிறித்தவர்களின் விசுவாச அறிக்கையில், உயிரோடிருப்போருக்கும் இறந்தோருக்கும் தீர்ப்பு வழங்க இறைவன் வருவார் என்ற இடத்தில், ஆங்கில மரபு வடிவம் உயிரோடிருப்போரை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. பாதரசத்துக்கு 'குவிக்சில்வர்', அதாவது உயிருள்ள வெள்ளி என்று பெயர். லத்தீனிலும் அப்படியே இருந்த பெயரின் பெயர்ப்பு அது. காலை உள்ளிழுக்கும் புதைமணல் 'குவிக்சாண்ட்'. வெட்டிய கழிகளுக்குப் பதில் உயிருள்ள செடிகளை நட்டு வளர்க்கும் வேலி 'குவிக்செட்'. நகத்துக்கு அடியில் இருக்கும் உணர்வுள்ள சதையின் பெயரும் 'குவிக்' என்பதே. கருவிலிருக்கும் குழந்தையின் முதல் அசைவைத் தாய் உணர்வதை ஆங்கிலம் 'குவிக்கனிங்' என்றது. சட்டம்கூட அந்தத் தருணத்தின்மேல் எல்லைக்கோடு போட்டது: கருக்கலைப்பைக் குற்றமாக்கிய 1803ஆம் ஆண்டு எல்லன்பரோ சட்டம், அந்த அசைவுக்கு முன், பின் எனத் தண்டனையை வேறுபடுத்தியது. இந்தச் சான்றை நான் மிகவும் மதிக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'குவிக்' என்பது அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் விரைவையே குறித்துக்கொண்டிருந்தபோது, ஓர் உயிர் எப்போது உயிராகிறது என்ற கடினமான கேள்வியைச் சட்டம் அதே சொல்லின் பழைய பொருளை நம்பித் தீர்க்க முயன்றது.

உயிருக்கும் விரைவுக்கும் நடுவே இருப்பது அசைவு. உயிருள்ளது அசையும், தொட்டால் துள்ளும், கூப்பிட்டால் திரும்பும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இந்தத் துடிப்பே விரைவாகப் பொருள்படத் தொடங்கியது. இதை ஒரு தனித்த விபத்து என்று சொல்பவர்களுக்கு, பின்னாளில் அதே மொழியில் அதே பாதை மறுபடி திறந்ததைக் காட்டலாம். வேலையாட்களை முடுக்க ஆங்கிலேயர் பயன்படுத்தும் 'லுக் அலைவ்' என்ற சொற்றொடர், உயிருள்ளவனாகத் தெரி என்கிறது. சீக்கிரம் ஆகட்டும் என்பதே அதன் கருத்து.

எல்லாவற்றையும்விட விளக்கம் வேண்டி நிற்பது 'ஃபாஸ்ட்'தான். அசையாத பொருளைக் குறித்த சொல் அதிவேகத்தைக் குறிப்பது எப்படி? பழைய பொருள் எங்கும் போய்விடவில்லை: கட்டுவது 'ஃபாஸன்'; மாறாத உறுதி 'ஸ்டெட்ஃபாஸ்ட்'; ஆழ்ந்து உறங்குபவர் 'ஃபாஸ்ட் அஸ்லீப்'; சாயம் போகாத துணியின் நிறம் 'ஃபாஸ்ட் கலர்'; கரையோடு ஒட்டி நகராமல் கிடக்கும் கடற்பனி 'ஃபாஸ்ட் ஐஸ்'. உண்ணாநோன்பைக் குறிக்கும் 'ஃபாஸ்ட்'டும் இதே குடும்பம்தான். ஒரு விதியை இறுகப் பற்றிக்கொள்வது என்ற கருத்திலிருந்து அது வந்தது, அந்த நோன்பை முறிப்பதே 'பிரேக்ஃபாஸ்ட்'. விரைவுப் பொருள் வந்தது பெயரடையிலிருந்து அல்ல, வினையடையிலிருந்து. இறுகப் பிடித்தான் என்பதில் இருந்த இறுக்கம், முதலில் வலுவாக, மூச்சைக் கொடுத்து என்ற பொருளுக்கு விரிந்தது. இறுகப் பிடிப்பதைப் போலவே வலுவாக அடிக்கலாம், வலுவாக அழலாம், வலுவாகக் குடிக்கலாம். வலுவாக ஓடுவது என்றால் வேறு என்ன, விரைந்து ஓடுவதுதான். ஒருவனை விடாமல் ஒட்டித் துரத்துவது என்ற பயன்பாடும் இந்த நகர்வுக்குத் துணைசெய்தது. ஏறத்தாழ என்ற பொருளுக்கு நகர்ந்த ஜெர்மன் 'ஃபாஸ்ட்'டும் இதே வேர்ச்சொல்தான். ஒரே விதை இரண்டு மண்ணில் இரண்டு விதமாக முளைத்திருக்கிறது.

வலிமை, துணிவு ஆகியவற்றிலிருந்து விரைவுக்குச் செல்லும் இந்தப் பாதைதான் ஜெர்மானிய மொழிகளில் மிக அகலமானது என்பது என் கணிப்பு. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்னெல்' என்றொரு சொல் இருந்தது. ஊக்கமும் துணிவும் சுறுசுறுப்பும் சேர்ந்த வீரனுக்கு அது அடைமொழி. ஜெர்மனில் அதுவே இன்று விரைவைக் குறிக்கும் 'ஷ்னெல்'. ஆங்கிலப் பொதுவழக்கு அதை விட்டுவிட்டது. 'ஸ்னெல்' என்ற குடும்பப் பெயரில் மட்டும் அது எஞ்சியது. 'ஸ்வீதெ' என்ற மற்றொரு சொல் வலுவாக என்று தொடங்கி, மிகவும் என்றாகி, நடுக்கால ஆங்கிலத்தில் விரைவாக, உடனே என்றும் ஆகி, பிறகு மறைந்தது. அதன் ஜெர்மன் உறவான 'கெஷ்விண்ட்' இன்றும் விரைவுச் சொல். ஸ்காண்டிநேவியரிடமிருந்து வந்த 'வைட்' போரிட வல்லவனைக் குறித்தது. பிறகு விரைந்தவனைக் குறித்தது. விரைவில், சற்று நேரத்தில் என்று பொருள்படும் ஜெர்மன் 'பால்ட்', துணிவைக் குறிக்கும் ஆங்கில 'போல்ட்' என்பதன் உடன்பிறப்பு. துணிந்து செய்தவன் சீக்கிரம் செய்துவிட்டான். இத்தனை சொற்கள் ஒரே திசையில் நகர்ந்திருக்கும்போது, 'ஃபாஸ்ட்' மட்டும் விநோதமான விதிவிலக்கு என்று வியப்பதற்கு இடமில்லை. ஆங்கிலத்தோடு எந்த உறவும் இல்லாத தமிழும் இதற்குச் சாட்சி சொல்கிறது. தொல்காப்பியத்தின் உரியியல் 'கடி' என்ற சொல்லுக்குத் தரும் பத்துப் பொருள்களில் காப்பும் இருக்கிறது, விரைவும் இருக்கிறது. கடுமையைக் குறிக்கும் 'கடு'விலிருந்தே நாம் கடுகி வருதல் என்கிறோம்.

மற்றவற்றை இவ்வளவு விரித்துப் பேச வேண்டியதில்லை. 'ஸ்விஃப்ட்' ஒரு போக்கில் வீசிச் செல்வதைக் குறித்த வினையிலிருந்து வந்தது. சுழல்வதைக் குறிக்கும் 'ஸ்விவல்' அதன் உறவு. 'நிம்பிள்' என்பது எடுப்பதைக் குறித்த பழைய வினையின் மகவு: சட்டென்று எடுக்கவல்ல கை, பிறகு சட்டென்று இயங்கும் உடல். 'ஃப்ளீட்' மிதத்தலில் பிறந்தது. லண்டனின் ஃப்ளீட் தெருவுக்குப் பெயர் தந்த சிற்றாற்றின் பெயரிலும் அதே வேர்தான் இருக்கிறது. 'ஹேஸ்ட்' பழைய பிரெஞ்சு வழியாக வந்த ஜெர்மானியச் சொல். காதிக் மொழியிலும் பழைய நார்ஸ் மொழியிலும் அதன் உறவுகள் சச்சரவையும் பகையையும் குறித்தன. இவை எல்லாமே ஓர் உடல் செய்யும் செயல்கள், அல்லது ஓர் உடலுக்குள் கொதிக்கும் நிலைகள்.

லத்தீனிலிருந்து கல்விமான்கள் கொண்டுவந்த சொற்களைக் காட்டி இந்த வாதத்தை மறுக்கலாம். 'ராபிட்', 'வெலாசிட்டி', 'செலரிட்டி' போன்றவை ஆங்கிலத்துக்கு வந்தபோதே விரைவுப் பொருளோடுதானே வந்தன? உண்மை. ஆனால் அவை கடன். உள்ளூர் மக்கள் விரைவை எப்படிப் பெயரிட்டார்கள் என்பதற்கு அவை சான்றாகா. தவிர, 'ராபிட்'டின் கதை லத்தீனிலேயே இதே வகைதான்: 'ராப்பெரே' என்றால் பறித்தல், கவர்ந்து செல்லுதல். அதிலிருந்தே இரைப்பறவைக்கான 'ராப்டர்' என்ற பெயரும் பிறந்தது. 1924இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் ஒரு டைனோசருக்கு 'வெலாசிராப்டர்' என்று பெயரிட்டபோது, விரைவோடு தொடர்புடைய இரண்டு லத்தீன் சொற்கள் ஒரே பெயரில் வந்து சேர்ந்தன.

இனி இந்தத் துறையில் நடந்த மிக நுட்பமான ஆய்வுக்கு வருகிறேன். ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் குஸ்தாஃப் ஸ்டெர்ன் 1921இல் ஆங்கில விரைவுச் சொற்களைப் பற்றியே ஒரு தனிநூல் எழுதினார். 1931இல் பொருள்மாற்றம் பற்றிய தமது பெருநூலில் அந்த முடிவை ஒரு விதியாகவே வகுத்தார். சுமார் 1300க்கு முன் விரைவாக என்ற பொருளைப் பெற்ற ஆங்கில வினையடைகள் எல்லாம், பிறகு உடனே என்ற பொருளையும் பெற்றன. அதற்குப் பின் விரைவுப் பொருளைப் பெற்றவை அப்படி மாறவில்லை. மாற்றம் நடந்த இடத்தையும் அவர் காட்டினார். ஒருவன் விரைவாகக் கடிதம் எழுதினான் என்றால், எழுதும் செயல் விரைவானது என்றும் கொள்ளலாம், கடிதம் சீக்கிரம் முடிந்துவிட்டது என்றும் கொள்ளலாம். இரண்டாவதாகக் கேட்டவர்களின் காதில் விரைவு காலத்தின் அருகாமையாக மாறிவிடுகிறது. பழைய ஆங்கிலத்தின் 'ஹ்ரதெ' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விரைவாக என்றும் சீக்கிரமே என்றும் பொருள் தந்த சொல் அது. அதன் ஒப்பீட்டு வடிவம் முன்னதாக என்றாகி, ஒன்றைவிட மற்றொன்றை முன்னதாக விரும்புவது என்றாகி, இன்றைய 'ராதர்' ஆகியிருக்கிறது. மூலச்சொல் அழிந்து, விரைவின் சாயலே இல்லாத விருப்பச்சொல் வாழ்கிறது.

1300 என்ற எல்லைக்கோடு ஏன் விழுந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் கூறப்படலாம். ஒரு காலகட்டத்தில் மட்டும் ஒரு மாதிரியில் சொற்கள் கூட்டமாக மாறுவது மொழிகளில் நடப்பதுதான் என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. விரைவை அதன் பலனால் அறிந்த மக்களுக்கு, விரைந்தான் என்பதும் வந்து சேர்ந்தான் என்பதும் பிரியாத ஒரே செய்தி. 'ஸ்பீட்' வெற்றியாக இருந்ததும், விரைவு வினையடைகள் உடனே என்று மாறியதும் ஒரே பார்வையின் இரு விளைவுகள் என்றே நான் வாசிக்கிறேன். பின்னாளில் வந்த சொற்கள் இயக்கத்தின் தன்மையைத் தனியே பார்க்கத் தொடங்கிய காலத்தின் பிள்ளைகள். 'ராபிட்லி' என்ற சொல் எவ்வளவு பழகினாலும் உடனே என்று ஆகவில்லை. இது நிறுவப்பட்ட முடிவல்ல, என் வாசிப்பு. சான்றுகளோடு இது பொருந்துகிறது என்பதே இதற்கு நான் கோரும் மதிப்பு.

இயக்கத்தைத் தனியே பார்க்கும் அந்த முயற்சி இங்கிலாந்தில்தான் கூர்மையாக நடந்தது, ஆனால் ஆங்கிலத்தில் நடக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் 'வெலோசிட்டாஸ்' என்பதைக் கணிதப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். தாமஸ் பிராட்வர்டின் 1328இலும், வில்லியம் ஹேட்ஸ்பரி 1335இலும் எழுதிய நூல்கள் லத்தீனில் உள்ளன. ஒரு கணத்தில் ஒரு பொருளுக்குள்ள வேகம் என்ற கருத்தையே ஹேட்ஸ்பரி வரையறுத்தார். அதே நாட்டில், அதே காலத்தில், வெளியே இருந்த மக்களின் வாயில் 'குவிக்' என்ற சொல் உயிரிலிருந்து முழுமையாகப் பிரியவே இல்லை. அளவை என்ற கருத்து கல்லூரிக்கு வெளியே வந்து அன்றாடப் பேச்சைத் தொட மூன்று நான்கு நூற்றாண்டுகள் பிடித்தன. அதைக் கொண்டுவந்தவர்களில் தத்துவ அறிஞர்களைவிட மாலுமிகளும் வண்டிக்காரர்களும் அதிகம். கப்பலிலிருந்து மரக்கட்டை கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, மணல்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே போயின என்று மாலுமிகள் எண்ணினார்கள். பிற்காலத்தில் நிலைபெற்ற கணக்கில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, மணல்கடிகாரத்துக்கு 28 விநாடி. 'நாட்' என்ற அலகு அங்கே பிறந்தது. 1784 ஆகஸ்டில் ஜான் பாமரின் தபால் வண்டி பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையிலான பயணத்தை 16 மணி நேரத்துக்குக் குறைத்தது. அதன் பிறகு மணிக்கு இத்தனை மைல் என்ற கணக்கு ஒவ்வொரு பயணியின் பேச்சிலும் வந்தது. 1829இல் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் இன்ஜின் போட்டியில் 'ராக்கெட்' இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ 30 மைலை எட்டியது. எந்தக் குதிரையின் உடலும் தாங்காத தூரத்துக்கு அந்த வேகத்தைத் தொடர உயிரில்லாத இரும்பால் முடியும் என்பது அன்று கண்கூடானது.

விரைவுக்கும் உயிருள்ள உடலுக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது அங்கேதான். ஆகூழைக் குறித்த 'ஸ்பீட்', எண்ணால் சொல்லப்படும் அளவாகி, 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலின் கலைச்சொல்லும் ஆனது. திசையோடு கூடியது 'வெலாசிட்டி', திசையை விட்டு அளவை மட்டும் சொல்வது 'ஸ்பீட்' என்ற பாகுபாட்டை இன்று பள்ளி மாணவர்கள் படிக்கிறார்கள். 1896 ஜனவரியில் கென்ட் மாவட்டத்தில் வால்டர் ஆர்னல்ட் என்பவர், மணிக்கு 2 மைல் எல்லை இருந்த இடத்தில் 8 மைல் வேகத்தில் மோட்டார் வண்டி ஓட்டியதற்காக ஒரு ஷில்லிங் அபராதம் கட்டினார். செழிப்பைக் குறித்த வினையின் வழித்தோன்றல், அதன் பிறகு தண்டனைக்குரிய குற்றம் ஒன்றின் பெயராகவும் வழங்கத் தொடங்கியது.

இதுவரை சொன்னதற்கு எதிராக வைக்கத்தக்க வலுவான தடை ஒன்று பாக்கி இருக்கிறது. சொல்லின் பிறப்பு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தாது. 'குவிக்' என்று சொல்லும் எந்த ஆங்கிலேயரும் உயிரை நினைப்பதில்லை. ஆகவே வேர்ச்சொல் ஆய்வால் மக்களின் சிந்தனையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பார்கள். முதல் இரண்டும் சரி, மூன்றாவது அவற்றிலிருந்து பெறப்படவில்லை. ஒரு சொல் புதிய பொருளை ஏற்கும் தருணத்தில் இரண்டு பொருளும் பேசுபவர் மனதில் இருந்தே தீரவேண்டும். இல்லையென்றால் தாவல் நடக்காது. நான் பேசுவது அந்தத் தருணங்களைப் பற்றி. மேலும், பிறப்பின் தடம் இன்றைய வழக்கில் அறவே அழிந்துவிட்டது என்பதும் உண்மையல்ல. விரைந்து ஓடும் ரயிலை ஆங்கிலேயர் 'ஃபாஸ்ட்' என்பார்கள். ஒரு பார்வையையோ ஒரு சிறு கேள்வியையோ ஒரு வாய் உணவையோ 'குவிக்' என்பார்கள். தொடர்ந்து நிலைக்கும் வேகத்துக்கு ஒன்று, தொட்டவுடன் துள்ளி முடியும் செயலுக்கு மற்றொன்று. உறுதியில் பிறந்த சொல்லும் உயிர்த்துடிப்பில் பிறந்த சொல்லும் எழுநூறு ஆண்டுகளாக ஒரே பொருளைப் பகிர்ந்தும், இன்னும் ஒன்றன் இடத்தை மற்றொன்று முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெயரடைகள் இப்படித் தயங்க, பெயர்ச்சொல்லான 'ஸ்பீட்' மட்டும் மறுகரைக்கே போய்விட்டது. அதற்குச் சோதனை எளிது. இன்றைய ஆங்கிலத்தில் குறைந்த 'ஸ்பீட்' என்று சொல்லலாம், ஒரு பாறையின் 'ஸ்பீட்' பூச்சியம் என்றும் சொல்லலாம். இரண்டிலும் யாருக்கும் நெருடாது. பழைய பொருளில் இரண்டையும் சொல்லியிருக்க முடியாது. நீளம் எந்தக் காலத்திலும் குறுகியதாகவும் இருக்க முடிந்தது. விரைவு மெதுவானதாகவும் இருக்கலாம் என்று சொல்வதற்கு முடிச்சுக் கயிறும் மணல்கடிகாரமும் ரயில்வே அட்டவணையும் வேண்டியிருந்தன.